கண்ணாடிச் சில்லும் சோதனைப் பட்டையும்: இந்திய வனப்பகுதிகளில் மலேரியா நோயறிதலின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

மலேரியாவைக் கண்டறியும் துரிதச் சோதனைப் பட்டையின் வரவு, மெதுவான நுண்ணோக்கியை வேகமான கருவி வென்ற கதையாகவே பெரும்பாலும் எழுதப்படுகிறது. இந்திய வனப்பகுதிகளின் பட்டறிவு இக்கதைக்கு ஒத்துவரவில்லை. சாயமேற்றும் வேலை 1944ஆம் ஆண்டிலேயே ஒரு நிமிட அளவுக்குச் சுருங்கிவிட்டது. தாமதம் இருந்த இடம் கிராமத்திற்கும் ஆய்வகத்திற்கும் இடைப்பட்ட வழி. அந்தத் தாமதத்தை ஒரு மலிவான மாத்திரை பல்லாண்டுகள் மறைத்து வைத்திருந்தது. அம்மாத்திரை வலுவிழந்த பிறகே விரைந்த நோயறிதல் அரசுக் கொள்கையின் தேவையாயிற்று என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. மண்ணீரல் கணக்கெடுப்பு, கொய்னா, இரத்தத் தடவல், சோதனைப் பட்டை ஆகிய நான்கும் எவரை நோயாளியாகக் கண்டன, எவரைக் காணாமல் விட்டன என்பதும் உடன் ஆராயப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மலேரியா, இரத்தத் தடவல், துரிதச் சோதனை, உத்தேசச் சிகிச்சை, ஒடிசா, ஆஷா பணியாளர்.

முன்னுரை

மலேரியாவின் அறிகுறிகளில் பெரும்பாலானவை வேறு காய்ச்சல்களுக்கும் உரியவை. குளிர், நடுக்கம், தலைவலி, வாந்தி ஆகியவற்றைக் கொண்டு மட்டும் அதைப் பிரித்தறிய இயலாது. முறைக்காய்ச்சல் என்று தமிழில் வழங்கும் சொல் அதன் ஒரு தனி இயல்பைச் சுட்டுகிறது. ஆயினும் நாள்முறை தவறாமல் வரும் காய்ச்சல், நோய் முற்றிய பின்னரே தெளிவாகத் தெரியும். பிளாஸ்மோடியம் ஃபால்சிபாரம் என்னும் ஒட்டுண்ணி தொற்றிய குழந்தைக்கு அதுவரை அவகாசம் இருப்பதில்லை. காய்ச்சல் கண்ட ஓரிரு நாட்களில் மூளைப் பாதிப்பும் கடும் இரத்தச்சோகையும் தோன்றி உயிர் பிரியக்கூடும். ஆகவே இந்நோயில் ‘இது மலேரியாவா?’ என்ற வினாவைவிட ‘அது எப்போது தெரியவரும்?’ என்ற வினா முதன்மை பெறுகிறது.

மருத்துவ வரலாற்று நூல்கள் முதல் வினாவுக்கு நிறைய இடம் தந்துள்ளன. அல்ஜீரியாவின் கான்ஸ்டன்டைன் நகர இராணுவ மருத்துவமனையில் 1880 நவம்பர் 6 அன்று லவரான் ஒட்டுண்ணியைக் கண்டதும், செகந்தராபாத்தில் 1897 ஆகஸ்ட் 20 அன்று ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் அதன் தடத்தைக் கண்டதும் பலமுறை எழுதப்பட்டுவிட்டன. இரண்டாம் வினாவின் வரலாறு ஆய்வகத்திற்குள் மட்டும் நிகழவில்லை. அது நடைபாதைகளிலும், சில்லுகள் அடுக்கிய மரப்பெட்டிகளிலும், பணியாளரின் நாட்குறிப்பிலும் நிகழ்ந்தது.

கையும் மருந்தும்

ஒட்டுண்ணி அறியப்படுவதற்கு முன்பே மலேரியாவை அளக்கும் வழி ஒன்று இந்தியாவில் உருவாகியிருந்தது. கங்கைக் கால்வாய்த் திட்டம் பேசப்பட்ட 1840களில், பழைய யமுனைக் கால்வாய்ப் பாசனப் பகுதிகளில், குறிப்பாகக் கர்னால் பகுதியில், காய்ச்சல் மிகுந்திருப்பது அரசுக்குக் கவலை அளித்தது. இதனை ஆராய பேக்கர், டெம்ப்ஸ்டர், யூல் ஆகிய மூவர் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை 1847இல் வெளிவந்தது. மருத்துவரான டெம்ப்ஸ்டர் கிராமம் கிராமமாகச் சென்று மக்களின் வயிற்றைத் தொட்டு, வீங்கிய மண்ணீரல் உடையோர் எத்தனை பேர் எனக் கணக்கிட்டார். (குழுவின் மூன்றாமவரான பொறியாளர் ஹென்றி யூல், பிற்காலத்தில் ஆப்சன்-ஜாப்சன் அகராதியின் ஆசிரியர்களுள் ஒருவராகப் புகழ்பெற்றவர், அகராதி வாசகர்கள் பலர் அவருடைய இந்த முகத்தை அறியார்.)

மண்ணீரல் கணக்கெடுப்பின் பெருமை அதன் எளிமையில் உள்ளது. கருவி வேண்டாம், பயின்ற விரல்கள் போதும். பல தலைமுறை மலேரியா ஆய்வாளர்கள் அதைக் கைவிடவில்லை. ஆனால் அந்த விரல்கள் அறிந்தது தனியொருவரின் இன்றைய நோயை அன்று. மீண்டும் மீண்டும் தொற்றுக்கு ஆளான உடலில்தான் மண்ணீரல் வீங்கி நிற்கும். எனவே அது ஓர் ஊரின் கடந்தகாலத்தை அளந்தது. கால்வாயை எங்கே வெட்டலாம் என்று முடிவுசெய்ய வேண்டிய அரசுக்கு அது போதுமானதாயிருந்தது. காய்ச்சலில் கிடந்தவருக்கு அதனால் பயன் ஏதுமில்லை.

அவருக்கு இருந்த சோதனை மருந்துதான். சிங்கோனாப் பட்டைக்கு எந்தக் காய்ச்சல் தணிகிறதோ அதைத் தனி வகையாகப் பிரிக்கலாம் என்று இத்தாலிய மருத்துவர் டார்ட்டி 1712லேயே எழுதியிருந்தார். இந்தியாவில் 1860களில் நீலகிரியிலும் டார்ஜிலிங் மலைப்பகுதியிலும் சிங்கோனா பயிரிடப்பட்டு, நடுவட்டத்திலும் மங்க்பூவிலும் அரசு ஆலைகள் இயங்கத் தொடங்கிய பின், அந்தத் தருக்கம் அஞ்சலகம் வரை சென்றது. வங்காளத்தில் 1892 முதல் காலணா விலைக்குக் கொய்னாப் பொட்டலங்கள் அஞ்சலகங்களில் விற்கப்பட்டன. பொட்டலத்தை வாங்கியவர் எவரும் மருத்துவரிடம் நோய்ப்பெயர் கேட்டுவரவில்லை. கொய்னாவுக்குக் காய்ச்சல் விட்டால் அது மலேரியா, விடாவிட்டால் வேறு. சிகிச்சை முன்னும் நோயறிதல் பின்னுமாக அமைந்த இந்த வரிசை, பின்னர் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக இந்தியப் பொதுச் சுகாதாரத்தில் மறையவே இல்லை.

நோயாளியைக் காணாத அரசு, இறந்தவரை எண்ணியது. அதுவும் நேரடியாக அன்று. ஊர்ச் சௌகிதார் சொன்னதைக் கேட்டு இறப்புப் பதிவேடு நிரப்பப்பட்டது. காலரா, பெரியம்மை போன்ற ஒரு சிலவற்றைத் தவிர மற்ற இறப்புகளில் பெரும்பகுதி ‘காய்ச்சல்’ என்ற ஒரே கட்டத்துக்குள் அடங்கிற்று. பஞ்சாபில் 1908ஆம் ஆண்டின் இறுதி மாதங்களில் ஏறத்தாழ 3 இலட்சம் பேர் இறந்த பெருங்கொள்ளையை ஆராய்ந்த கிறிஸ்டோபர்ஸ், இந்தக் கரடுமுரடான பதிவுகளையே கொண்டு 1911இல் ஓர் அரிய ஆய்வை வெளியிட்டார். மழையளவு, தானிய விலை, காய்ச்சல் இறப்பு ஆகியவற்றை அவர் இணைத்துக் காட்டிய முறை இன்றும் போற்றப்படுகிறது. ஆனாலும் பதிவேட்டின் ‘காய்ச்சல்’ எதுவென்று திட்டவட்டமாகச் சொல்ல அவராலும் இயலாது. இந்தச் சிக்கல் ஒரு நூற்றாண்டுக்குப் பின் வேறு வடிவில் மீண்டும் எழுந்ததைப் பின்னர் காணலாம்.

சில்லு செல்லும் வழி

நுண்ணோக்கி, தனியொருவரின் இன்றைய நோயைக் காட்டிய முதற்கருவி. ரோமனோவ்ஸ்கி 1891இல் கண்ட சாயமுறையும், ஹாம்பர்கில் கீம்சா 1904இல் அதைச் செப்பமுறச் செய்ததும் ஒட்டுண்ணியை நிறம் பிரித்துக் காட்டின. குறைந்த எண்ணிக்கையில் உள்ள ஒட்டுண்ணிகளையும் பிடிப்பதற்காகத் தடித்த இரத்தத் தடவல் முறையை ராஸ் 1903இல் முன்வைத்தார். ஒட்டுண்ணி இருக்கிறதா என்பதோடு அது எந்த இனம், எவ்வளவு அடர்த்தி என்பதையும் இம்முறை சொன்னது. இதனை மிஞ்சிய களக்கருவி அடுத்த 90 ஆண்டுகளில் வரவில்லை.

செகந்தராபாத்தில் ராஸ் பட்ட பாடு, இக்கருவியின் தேவைகளையும் உடன் காட்டுகிறது. வியர்வையில் நுண்ணோக்கியின் திருகாணிகள் துருவேறியதையும் கண்ணருகு வில்லை விரிசல் விட்டதையும் அவரே பதிவுசெய்துள்ளார். இரத்தம் தர நோயாளிகள் அஞ்சினர். பணம் கொடுக்க வேண்டியிருந்தது. உசேன் கான் என்ற நோயாளி, தம்மைக் கடித்து இரத்தம் குடித்த ஒவ்வொரு கொசுவுக்கும் ஓரணா வீதம் பெற்றார். பத்துக் கொசுக்கள், பத்தணா. அக்கொசுக்களுள் ஒன்றுதான் ஆகஸ்ட் 20 அன்று ராஸின் கண்ணில் பட்டது. நல்ல ஒளி, சீரான கருவி, பயின்ற கண், இரத்தம் தர இசையும் உடல் ஆகிய நான்கும் ஒரே இடத்தில் கூடவேண்டும் என்பதே நுண்ணோக்கியின் நிபந்தனை. மருத்துவமனையில் இவை கூடும். காட்டில் கூடா.

இந்நிபந்தனையின் ஒரு பகுதியை இந்திய ஆய்வாளர்கள் விரைவிலேயே எளிதாக்கினர். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், 1944இல், ஜஸ்வந்த் சிங்கும் பட்டாச்சார்ஜியும் நீரில் கரையும் ஒரு சாயத்தை உருவாக்கினர். இருவர் பெயரின் முதலெழுத்துகளால் ஜே.எஸ்.பி. சாயம் என்று அது வழங்கலாயிற்று. உள்நாட்டில் மலிவாகத் தயாரிக்கக்கூடியது. ஒரு நிமிட அளவில் சாயமேற்றல் முடிந்துவிடும். கட்டுரையின் தலைப்பிலேயே அவர்கள் அதை விரைவான முறை என்று குறிப்பிட்டனர். சாயமேறிய சில்லை நுண்ணோக்கியில் பார்க்கச் சில நிமிடங்கள். ஆக, சோதனையின் வேகம் என்ற அளவில் இந்தியா 1944லேயே துரித நோயறிதலைப் பெற்றிருந்தது எனலாம். இந்த உண்மை வரலாற்று எழுத்துகளில் உரிய கவனம் பெறவில்லை.

விடுதலை பெற்றபோது நாட்டில் ஆண்டுக்கு 7.5 கோடிப் பேர் மலேரியாவுக்கு ஆளாவதாகவும் 8 இலட்சம் பேர் இறப்பதாகவும் மதிப்பிடப்பட்டது. தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் 1953இல் தொடங்கி, 1958இல் ஒழிப்புத் திட்டமாக மாறியது. டி.டி.டி. தெளிப்பின் வெற்றி பரவலாக அறியப்பட்டது. 1961இல் பதிவான நோயாளிகள் சுமார் 50 ஆயிரமாகக் குறைந்தனர். அதனோடு உருவான கண்காணிப்பு முறையே இங்குக் கருதத்தக்கது. 10 ஆயிரம் மக்களுக்கு ஒருவர் என்ற கணக்கில் நியமிக்கப்பட்ட பணியாளர் இரு வாரங்களுக்கு ஒருமுறை ஒவ்வொரு வீட்டுக்கும் சென்றார். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல் உண்டா, இடையில் வந்து போனதா என்று கேட்டார். உண்டெனில் விரலில் குத்திச் சில்லில் இரத்தம் தடவி, வளர்ந்தவர்க்கு 600 மில்லிகிராம் குளோரோகுயின் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார். சில்லு ஆய்வகத்துக்குப் போகும். ஒட்டுண்ணி இருந்தால், வேர்நீக்கச் சிகிச்சைக்காகப் பணியாளர் மீண்டும் அதே வீட்டைத் தேடி வருவார். ஆண்டொன்றுக்கு மக்கள்தொகையில் 10 விழுக்காட்டினரின் இரத்தம் சோதிக்கப்பட வேண்டும் என்பது இலக்கு.

காகிதத்தில் இம்முறைக்குக் குறையில்லை. சமவெளியின் பெருஞ்சாலைக் கிராமங்களில் அது ஓரளவு நடந்தும் இருக்கிறது. ஆனால் பதினைந்து நாளுக்கு ஒருமுறை வருபவர், ஒரே வாரத்தில் உயிரைக் கொள்ளும் நோயைத் தேடி வருகிறார் என்பது இம்முறையின் அடிப்படை முரண். சில்லு ஆய்வகம் சேர்வதற்கும், அங்கே குவிந்து கிடக்கும் சில்லுகளுக்குள் தன் முறைக்குக் காத்திருப்பதற்கும், முடிவு திரும்புவதற்கும் வாரங்கள் ஆயின. ஒரு நிமிடச் சாயத்துக்காகச் சில்லு பல நாள் பயணம் செய்தது. மழைக்காலத்தில், அதாவது நோய் மிகும் பருவத்தில், ஆறுகள் பெருகி வழி அடைபட்டபோது சில்லும் வரவில்லை, பணியாளரும் வரவில்லை. அப்பகுதியின் அறிக்கை அந்த மாதத்தில் நோயாளிகள் குறைந்ததாகக் காட்டியிருக்கும். தடவல் எடுக்கப்படாத ஊரில் நோயும் இல்லை என்பதே கணக்கேட்டின் தருக்கம்.

ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டம் இதற்கு ஏற்ற சான்று. பலிமெலா நீர்த்தேக்கம் எழுந்தபோது மூன்று பக்கம் நீராலும் ஒரு பக்கம் மலைக்காட்டாலும் துண்டிக்கப்பட்ட 151 கிராமங்களை அரசு ஆவணங்களும் செய்தியாளரும் ‘துண்டிக்கப்பட்ட பகுதி’ என்றே அழைத்தனர். குருபிரியா பாலம் 2018 ஜூலையில் திறக்கப்படும் வரை அங்கிருந்து வெளியேறப் படகே வழி. இத்தகைய ஊரின் இரத்தத் தடவல் எப்போது ஆய்வகம் சேரும், அதன் முடிவு எப்போது திரும்பும் என்பதை எண்ணிப் பார்த்தால், நுண்ணோக்கியின் துல்லியம் பற்றிய விவாதங்கள் எத்தனை தொலைவில் நடந்தன என்பது புலனாகும்.

மாத்திரை மறைத்த தாமதம்

இவ்வளவு தாமதத்தை ஒரு திட்டம் எவ்வாறு பல்லாண்டுகள் பொறுத்துக்கொண்டது? விடை, பணியாளர் கையிலிருந்த குளோரோகுயினில் இருக்கிறது. சில்லின் முடிவு வருமுன் கொடுக்கப்பட்ட அந்த ஒருவேளை மருந்துக்கு உத்தேசச் சிகிச்சை என்று பெயர். காய்ச்சல் எல்லாம் மலேரியாவாக இருக்கலாம் என்ற ஊகத்தில் எல்லாருக்கும் கொடுக்கப்பட்டது. மருந்து மலிவு, தீங்கு குறைவு, பலன் உறுதி. ஆகவே நோயாளியைப் பொறுத்தவரை சில்லு தாமதமானாலும் பெருங்கேடில்லை. அஞ்சலகப் பொட்டலத்தின் தருக்கமே இங்கு அரசுக் கொள்கையாக நிமிர்ந்து நின்றது. சில்லு நோயாளிக்கான சோதனை என்ற நிலையிலிருந்து மெல்ல வழுவி, புள்ளிவிவரத்துக்கான மாதிரியாயிற்று.

நோய் மீண்டெழுந்து 1976இல் பதிவானோர் 64 இலட்சத்தைத் தாண்டியபோது, அடுத்த ஆண்டு திருத்திய செயல்திட்டம் வந்தது. கிராமங்களில் காய்ச்சல் சிகிச்சை மையங்களும் மருந்து வழங்கு மையங்களும் ஏற்படுத்தப்பட்டன. முன்னதில் தடவல் எடுத்து மருந்து கொடுத்தனர். பின்னதில் மருந்து மட்டும். தடவலே தேவையில்லாத மையம் ஒன்றை அரசே நிறுவியது, நோயறிதலின்றியும் திட்டம் நடக்கும் என்ற நம்பிக்கை எவ்வளவு ஊன்றியிருந்தது என்பதைக் காட்டுகிறது. அந்த நம்பிக்கையைக் குறைகூறுவது எளிது. ஆய்வகம் எட்டாத இடத்தில் மருந்தாவது எட்டட்டும் என்ற முடிவினால் பிழைத்தோர் பலர் என்பதையும் மறுக்க இயலாது.

ஆனால் அடித்தளம் அதற்கு முன்பே ஆட்டம் கண்டிருந்தது. அசாமின் கார்பி ஆங்லாங் மலைப்பகுதியில் 1973இல் குளோரோகுயினுக்குக் கட்டுப்படாத ஃபால்சிபாரம் கண்டறியப்பட்டது. பின்வந்த ஆண்டுகளில் வடகிழக்கிலிருந்து ஒடிசா, மத்திய இந்தியக் காடுகள் வரை எதிர்ப்புத்திறன் பரவியது. ஆர்ட்டெமிசினின் கூட்டுமருந்துகளை உலகச் சுகாதார நிறுவனம் 2001 முதல் பரிந்துரைத்தது. இந்தியா 2010இல் நாடு முழுவதும் ஃபால்சிபாரம் நோயாளிகள் அனைவருக்கும் அதை முதல் மருந்தாக்கியது. புதிய மருந்து குளோரோகுயினைவிடப் பன்மடங்கு விலை உடையது. கண்ட காய்ச்சலுக்கெல்லாம் கொடுத்தால் செலவும் மிகும். எஞ்சியிருக்கும் ஒரே வலிய மருந்துக்கும் எதிர்ப்புத்திறன் தோன்றும். வைவாக்ஸ் இனத்துக்கோ குளோரோகுயினே இன்னும் போதுமானதாயிருந்தது. எனவே எது மலேரியா, அதிலும் எது ஃபால்சிபாரம் என்பதை மருந்து கொடுக்கும் முன்பே, கொடுக்கும் இடத்திலேயே அறியவேண்டிய கட்டாயம் நேர்ந்தது. ஐயத்துக்குரிய ஒவ்வொரு நோயாளியையும் சோதித்த பின்னரே சிகிச்சை என்ற உலகச் சுகாதார நிறுவனத்தின் 2010ஆம் ஆண்டுப் பரிந்துரை இச்சூழலில் பிறந்தது.

துரிதச் சோதனையின் அறிவியல் இதற்குக் காத்திருக்கவில்லை. ஃபால்சிபாரம் இரத்தத்தில் கசியவிடும் ஹிஸ்டிடின் மிகு புரதம் 1980களில் இனங்காணப்பட்டது. அதைப் பிடிக்கும் முதல் வணிகப் பட்டை 1990களின் தொடக்கத்தில் வெளிவந்து ஆப்பிரிக்கக் களங்களில் சோதிக்கப்பட்டது. கருவி பிறந்த ஆண்டுக்கும் அது பேரளவில் பயன்படத் தொடங்கிய காலத்துக்கும் இடையே உள்ள ஏறத்தாழ பதினைந்து ஆண்டுகளை, பட்டையின் தரக்குறைவும் விலையும் ஓரளவு விளக்கும். முழுதாக விளக்கமாட்டா. மலிவான மருந்து உயிரோடிருந்தவரை சோதனைக்குச் செலவிட எந்த அரசுக்கும் காரணம் இல்லை என்பதே வலுவான விளக்கமாகத் தோன்றுகிறது.

ஒரு கோடு, இரு கோடு

பட்டையின் இயக்கம் எளியது. விரல் நுனியிலிருந்து ஏறத்தாழ 5 மைக்ரோலிட்டர் இரத்தம். சில துளி கரைசல். நைட்ரோசெல்லுலோஸ் பட்டையில் இரத்தம் ஊர்ந்து செல்லும்போது, பொன் நுண்துகள் பூசிய எதிர்ப்பொருள் ஒட்டுண்ணியின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வழியில் நிலைநிறுத்தப்பட்ட மற்றோர் எதிர்ப்பொருள் அவ்விணையைத் தடுத்து நிறுத்த, செந்நிறக் கோடு தோன்றுகிறது. பட்டை ஒழுங்காக இயங்கியது என்பதற்கு ஒரு கோடு, நோய்க்கு இன்னொரு கோடு. 15 முதல் 20 நிமிடங்களில் முடிவு. 2010 முதல் 2020 வரை உலகெங்கும் இத்தகைய பட்டைகள் 300 கோடிக்கு மேல் விற்கப்பட்டன. பெரும்பகுதி சென்றது சகாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு.

இந்தியாவில் பட்டை சென்றடைந்தது ஆஷா பணியாளரின் பையை. ஊரக நலவாழ்வு இயக்கம் 2005இல் தொடங்கியபோது ஆயிரம் மக்களுக்கு ஒருவர் என்ற அளவில் அதே ஊர்ப் பெண்கள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். 24 மணி நேரத்துக்குள் நுண்ணோக்கி முடிவு கிடைக்காத ஊர்களில் அவர்களே பட்டைச் சோதனை செய்து, ஃபால்சிபாரம் எனில் கூட்டுமருந்தைத் தொடங்கலாம் என வழிகாட்டு நெறி வகுக்கப்பட்டது. இம்மாற்றத்தின் அளவைக் குறைத்து மதிப்பிடக்கூடாது. மலேரியா என்று சொல்லும் அதிகாரம் ஆய்வகநுட்பநரிடமிருந்து, பெரும்பாலும் பள்ளிக்கல்வியோடு நின்ற ஒரு கிராமப் பெண்ணிடம் வந்தது. பதினைந்து நாளுக்கு ஒருமுறை வந்துபோகும் வெளியூர்ப் பணியாளரைப் போலன்றி, நள்ளிரவிலும் கதவு தட்டக்கூடிய தொலைவில் அவர் இருந்தார். ஒரு தடவலுக்கோ சோதனைக்கோ அவருக்கு 15 ரூபாய் ஊக்கத்தொகை. உசேன் கானின் காலத்தில் இரத்தம் தந்தவர் கூலி பெற்றார். இப்போது எடுப்பவர் பெறுகிறார். அத்தொகை உழைப்புக்கு ஈடாகுமா என்பது ஆஷா பணியாளர்களின் போராட்டங்களில் தொடர்ந்து எழும் கேள்வி.

முதலில் வந்த பட்டைகள் ஃபால்சிபாரத்தை மட்டுமே காட்டின. நாட்டு மலேரியாவில் பெரும்பங்கு வகித்த வைவாக்ஸ் அவற்றின் கண்ணுக்குத் தெரியாது. எனவே பட்டையில் ஒரு கோடு மட்டும் தோன்றினால், இரத்தத் தடவல் எடுத்துப் பழைய வழியிலேயே ஆய்வகத்துக்கு அனுப்பினர். இரு இனங்களையும் காட்டும் பட்டை 2013இல்தான் நாட்டுத் திட்டத்துக்குள் வந்தது. வேறு சிக்கல்களும் இருந்தன. நோய் நீங்கிய பின்னும் ஹிஸ்டிடின் மிகு புரதம் வாரக்கணக்கில் இரத்தத்தில் தங்குவதால், குணமானவரும் நோயாளியாகத் தோன்றுவார். வெப்பம் பட்டையின் எதிர்ப்பொருளைக் கெடுக்கும். கோடையில் 40 பாகை செல்சியசைத் தாண்டும் மேற்கு ஒடிசாவின் தகரக் கூரைக் கிடங்குகள் அதற்கு ஏற்றவை அல்ல. சந்தைப் பட்டைகளின் தரம் ஒன்றுக்கொன்று பெரிதும் வேறுபட்டதால், உலகச் சுகாதார நிறுவனம் 2008 முதல் 2018 வரை எட்டுச் சுற்றுகளாக அவற்றைச் சோதித்து முடிவுகளை வெளியிட நேர்ந்தது.

எண்ணிக்கையில் வராத இறப்புகள்

சோதனை எட்டாத இடத்தில் என்ன நிகழ்ந்தது என்பது 2010இல் ஒரு கடும் விவாதமாக வெடித்தது. இந்தியாவில் மலேரியாவால் ஆண்டுக்குச் சுமார் ஆயிரம் பேர் இறப்பதாக அரசுக் கணக்கு. உலகச் சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு 15 ஆயிரம். பத்து இலட்சம் இறப்புகள் ஆய்வு என்ற பெருந்திட்டத்தின் தரவுகளைக் கொண்டு லான்செட் இதழில் வெளிவந்த கட்டுரையோ, 70 வயதுக்கு உட்பட்டோரில் மட்டும் ஆண்டுக்கு 2 இலட்சத்து 5 ஆயிரம் பேர் என்றது. அவ்விறப்புகளில் 90 விழுக்காடு ஊரகத்தில். 86 விழுக்காடு எந்த மருத்துவ நிலையத்திலும் நிகழாதவை. மாநிலங்களுள் ஒடிசா முதலிடத்தில் நின்றது.

அந்த ஆய்வு, இறந்தவரின் குடும்பத்தாரிடம் அறிகுறிகளைக் கேட்டறிந்து மருத்துவர்கள் காரணத்தை முடிவுசெய்யும் முறையைச் சார்ந்தது. காய்ச்சலால் இறந்தவர் மலேரியாவால்தான் இறந்தார் என்பதை வாய்மொழி கொண்டு எவ்வாறு கூறமுடியும் என்று உலகச் சுகாதார நிறுவனமும் இந்தியத் திட்ட அலுவலர்களும் மறுத்தனர். மறுப்பு நியாயமானதே. சௌகிதாரின் பதிவேட்டுக்கு எதிராக வைக்கக்கூடிய அதே மறுப்பு அது. ஆனால் மறுத்தவர்களின் எண், தடவல் எடுக்கப்பட்டு உறுதியான இறப்புகளின் எண். ஆய்வகத்தை அடையாமலே இறந்தவர் அதில் இடம்பெற வழியில்லை. இரு எண்களுக்கும் இடையில் இருந்த 200 மடங்கு வேறுபாட்டை, ஒரு பக்கத்தின் பிழையாகக் காண்பதைவிட, நோயறிதல் எட்டாத நிலப்பரப்பின் அளவாகக் காண்பது பொருந்தும்.

காய்ச்சலற்ற நோயாளி

பட்டை கைக்கு வந்தபின், அதுவரை கேட்கப்படாத ஒரு கேள்வியைக் கேட்க முடிந்தது. காய்ச்சல் இல்லாதவரைச் சோதித்தால் என்ன? ஒடிசா அரசு 2017இல் கோராபுட், மல்கான்கிரி, ராயகடா, கந்தமால் போன்ற மாவட்டங்களின் எட்டாக்கைப் பகுதிகளில் ‘துர்கம அஞ்சலரே மலேரியா நிராகரண்’ என்ற திட்டத்தைத் தொடங்கியது. காய்ச்சல் உண்டோ இல்லையோ, ஊரிலுள்ள அனைவரையும் பட்டையால் சோதித்து, தொற்றுள்ளோர் அனைவருக்கும் மருந்து கொடுப்பது அதன் நடைமுறை. சத்தீஸ்கரின் பஸ்தர் பகுதியில் 2020 ஜனவரியில் இதையொத்த இயக்கம் தொடங்கியது. அங்குத் தொற்று கண்டோரில் பாதிக்கு மேற்பட்டோர் எந்த அறிகுறியும் இல்லாதவர்கள். வீடு வீடாகச் சென்று ‘காய்ச்சல் உண்டா?’ என்று கேட்ட அறுபதாண்டுக் கண்காணிப்பு, வினாவிலேயே இவர்களைத் தவறவிட்டிருந்தது.

ஒடிசாவில் 2016இல் 4 இலட்சத்துக்கு மேலிருந்த நோயாளிகள் 2019இல் 40 ஆயிரத்துக்குள் வந்தனர். இவ்வீழ்ச்சியைப் பட்டையின் வெற்றியாக மட்டும் கணக்கிடும் போக்கு ஏற்கத்தக்கதன்று. 2017இல் ஒரு கோடிக்கு மேற்பட்ட மருந்தேற்றிய கொசுவலைகள் அம்மாநிலத்தில் வழங்கப்பட்டன. மல்கான்கிரியில் பாலம் திறந்தது. ஆஷா பணியாளரின் எண்ணிக்கை உயர்ந்தது. இவற்றுள் எதன் பங்கு எவ்வளவு என்பதைப் பிரித்தறியும் சான்று இன்னும் போதவில்லை. 2021இல் சுமார் 25 ஆயிரமாகக் குறைந்த எண்ணிக்கை 2023இல் மீண்டும் 40 ஆயிரத்தைத் தாண்டியது என்பதும் எச்சரிக்கையோடு நோக்கத்தக்கது.

இதற்கிடையில் ஒட்டுண்ணியும் மாறியது. ஹிஸ்டிடின் மிகு புரதத்தை உருவாக்கும் மரபணுவே இல்லாத ஃபால்சிபாரம் பெருவின் அமேசான் பகுதியில் பரவியிருப்பது 2010இல் வெளியிடப்பட்டது. அத்தகைய ஒட்டுண்ணி தொற்றியவரின் இரத்தத்தைப் பட்டையில் இட்டால் நோய்க்கோடு தோன்றாது. எரித்திரியாவில் 2016இல் நிலைமை முற்றி, கிண்டே மருத்துவமனையில் ஆராயப்பட்ட 26 நோயாளிகளில் 21 பேரின் ஒட்டுண்ணியில் அம்மரபணு இல்லை எனத் தெரிந்தது. அந்நாடு தன் பட்டைகளையே மாற்றிக்கொண்டது. பட்டை காட்டுவோரை மட்டும் மருந்து கொன்றொழிக்க, பட்டைக்கு அகப்படாதவை பெருகுகின்றன என்ற விளக்கம் பரவலாக ஏற்கப்படுகிறது. இந்தியாவில் மலேரியா மிகுந்த எட்டு மாநிலங்களில் மேற்கொள்ளப்பட்ட ஆய்வு இத்தகைய ஒட்டுண்ணி இங்கும் உண்டு, ஆனால் குறைந்த அளவில் என்று 2016இல் தெரிவித்தது.

அந்த ஆய்வு நிகழ்ந்த முறை கவனிக்கத்தக்கது. ஒரே நோயாளியிடம் பட்டைச் சோதனையும் இரத்தத் தடவலும் எடுக்கப்பட்டன. பட்டை இல்லையென்றதை நுண்ணோக்கி உண்டென்ற இடங்களில்தான் மரபணு ஆய்வு செய்யப்பட்டது. பட்டை பொய்க்கிறதா என்பதை அறிய இன்றும் களத்தில் இருக்கும் முதற்சான்று, ஜே.எஸ்.பி. சாயமோ கீம்சாச் சாயமோ ஏறிய அதே கண்ணாடிச் சில்லு. ஆனால் துரிதச் சோதனை பரவிய மாவட்டங்களில் தடவல் பார்க்கப் பயின்ற ஆய்வகநுட்பநரின் அன்றாட வேலை குறைந்து வருகிறது. கோடு தோன்றாத பட்டையோடு ஆஷா பணியாளர் எடுத்து அனுப்பும் தடவலை, அடுத்த தலைமுறையில் எந்தக் கண் படிக்கும் என்பதற்கு இப்போதைய திட்ட ஆவணங்களில் விடை இல்லை.